குடியினின்று மீள்வார்க்கு ஓர் ஆற்றுப்படை

(திருநின்றவூரில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குடியினின்று மீள விழைவார்க்குத் துணையாகும் கூட்டங்களைப் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் பணித்தார். தமிழாசிரியனாகிய யான் இத்துறையில் புலமையுடையேன் அல்லேன். எனினும் என் உறவினர் ஒருவரை அத்தகைய கூட்டத்திற்கு அழைத்துச் சென்ற பழக்கம் பற்றி உடன்பட்டேன். அவர் இசைவு பெற்றே பேசுகின்றேன். இன்ன முறையினர் என்று அன்பர்கள் ஆராய வேண்டா.

திருக்குறளின் 93-ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையை ஆண்டுதோறும் மாணாக்கர்க்குக் கற்பிக்கும் யான், அதனை அவருக்கும் பன்முறை ஓதினேன். தலை குனிந்து கேட்டார். அந்தியில் கடைக்குச் சென்றார். வைதேன், அழுதேன், சில திங்கள் பேசாதிருந்தேன். குலதெய்வத்தின் முன் சூளுரைக்கச் செய்தோம். அச்சூள் பதினொரு நாள் நின்றது.

நிற்க. 1935-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்து விடுதியொன்றில் வில்லியம் வில்சன் என்னும் பங்கு வணிகர் தனித்து நின்றார். வந்த காரியம் கைகூடவில்லை. குடியை விட்டு ஐந்து திங்களே ஆகியிருந்தன. ஒருபால் மதுச்சாலை, மறுபால் தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்து, அவ்வூர்ப் பாதிரியார் ஒருவர் வாயிலாகத் தம்மையொத்த குடியர் ஒருவரைத் தேடினார். அவ்வாறு கிடைத்தவர் ராபர்ட் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். கால் மணி நேரமே இருப்பேன் என்று வந்த மருத்துவர் பல மணி நேரம் அமர்ந்துவிட்டார்.  வில்சன் தாம் பட்டதைக் கூறினார். அவ்வாண்டு ஜூன் 10-ஆம் நாளையே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அஃதாவது பெயர் வெளியிடாக் குடிநோயாளர் கூட்டுறவு, தன் பிறந்தநாளாகக் கொண்டுள்ளது. 1957-இல் அது பம்பாயில் வேரூன்றியது. இன்று சென்னையில் தமிழிலேயே கூட்டங்கள் நடைபெறுகின்றன.

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை என்பதைக் கற்றோர் அறிவர். பரிசில் பெற்ற பாணன், பெறாது வாடும் பாணனுக்கு வழி காட்டுகின்றான். வழி காட்டுவோன் வள்ளல் அல்லன். நேற்று வரை பசித்திருந்தவன். அதனாலன்றோ அவன் சொல் ஏறுகின்றது! என் சொல் ஏறாமைக்குக் காரணம் எனக்கு அங்கேதான் விளங்கிற்று.

அவ்விடம் சேர்தல் எளிதாக இருந்ததில்லை. முதல் வாரம் எங்கள் ரயில் நிலையப் படியிலேயே அவர் திரும்பிவிட்டார். அடுத்த வாரம் ஆவடியில் இறங்கிவிட்டார். மூன்றாம் வாரமே கூடத்தின் வாயிலை அடைந்தோம். சில நாற்காலிகள், தேநீர், சுவரில் பன்னிரண்டு படிகள் எழுதிய பலகை. கட்டணம் இல்லை, உறுப்பினர் மனமுவந்து இடுவதே செலவுக்காகும். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே சேர்வதற்குத் தகுதி. ஒருவர் பேச ஏனையோர் கேட்கின்றனர். இடைமறிப்பாரும் அறிவுரை கூறுவாரும் இல்லை. ஆயுள் முழுமைக்கும் ஆணையிடச் சொல்வதில்லை. இன்று ஒரு நாள் குடியாதிருத்தலே பேச்சு. அது எவரும் வரத்தகும் திறந்த கூட்டமாதலின் யான் கடைசி வரிசையில் அமர்ந்தேன். அங்குக் கேட்டவற்றை இங்குக் கூறுதல் முறையன்று.

ஓர் எச்சரிக்கை. நாடோறும் மிகக் குடிப்பவர் திடீரென நிறுத்துவாராயின் நடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் தோன்றி உயிருக்கும் ஊறு நேரலாம். ஆதலின் முதலில் மருத்துவரிடம் செல்க. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் சென்னையில் 1980-இல் நிறுவிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு நிலையத்தின் மருத்துவமனை, இந்திரா நகரில் உள்ளது. கூட்டம் எங்குளது என்பதை இத்தகைய மருத்துவமனைகளிலேயே கேட்டறியலாம். தாய்மார்களே! உங்களுக்கென்றே அல்-அனான் என்னும் குடும்பத்தார் கூட்டம் 1951-இல் தோன்றியது. கணவர் வர மறுத்தாலும் நீங்கள் செல்லலாம்.

இதனால் பயனுண்டோ என்று ஐயுறுவார்க்கு ஒன்று கூறுவேன். காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வமைப்பு 27 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி 2020-இல் முடிவு வெளியிட்டது. இக்கூட்டங்களுக்கு முறையாக ஆற்றுப்படுத்தும் சிகிச்சை, குடியை அறவே நீங்கியிருக்கச் செய்வதில் பிற சிகிச்சைகளினும் மேம்பட்டது என்பது அதன் கருத்து. எல்லார்க்கும் பலிக்கும் என்று யான் கூறேன். என் உறவினரே ஏழாந்திங்களில் ஒருமுறை வழுவினார். நாணத்தோடு மீண்டும் சென்றபோது, ஏன் என்று எவரும் வினவவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டனர்.

இனிச் செயலாளர் அவர்களின் கருத்துக்கு வருகின்றேன். நம் மண்டபத்திலேயே நம்மவர்க்கென அத்தகைய கூட்டம் ஒன்று தொடங்கலாம் என்றார். அன்பினால் எழுந்த எண்ணம். எனினும் யான் உடன்படேன். இங்கு அமர்ந்திருப்போர் அனைவரும் ஒருவர்க்கொருவர் சம்பந்திகள், அல்லது நாளை சம்பந்தியாகக் கூடியவர்கள். பெண்ணுக்கு வரன் தேடும் தந்தை இம்மேடையில் நின்று, யான் குடிநோயாளன் என்று வாய் திறப்பாரோ? முன்னாளில் சாதிச் சங்கங்கள் குடித்தவனுக்கு அபராதம் விதித்தன, தள்ளியும் வைத்தன. அதனால் குடி மறைவிடம் தேடிற்றேயன்றி மாய்ந்ததில்லை. சாதியும் ஊரும் கேளாத அக்கூடத்தில்தான் என் உறவினர் முதன்முதலாக வாய்மை பேசினார். நம்மவர் அங்கே செல்லட்டும். பூசலார் அகத்தே எழுப்பிய கோயிலை அக்காலத்து இவ்வூரார் அறிந்தாரல்லர்; அதனால் அக்கோயிலுக்குக் குறையொன்றும் நேரவில்லை.

சங்கம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. வண்டிச் செலவுக்கும் மருந்துச் செலவுக்கும் இயலாத குடும்பங்கள் நம்மில் உள. அதற்கென ஒரு சிறு தொகையை ஒதுக்குமாறும், பெற்றுக்கொள்வார் பெயரைக் கணக்கில் எழுதாதிருக்குமாறும் பொருளாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கின்றேன்.