கோப்பி வீழ்ந்தபோது



தொழில் நொடித்துப் போனவருக்கு ஆறுதல் கூறுவோர் பலர். வழி கூறுவோர் சிலரே. நம் மலைநாட்டிலே ஒரு தொழில் முழுவதுமே நொடித்து, வேறொன்றாய் மீண்ட வரலாறு உண்டு. இன்று அதனைக் கருதுவோம்.

1869 ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலைகளின் அடிப்புறத்திற் செம்மஞ்சட் பொடி படிந்திருக்கக் கண்டனர். இலைகள் உதிர்ந்தன, மீண்டும் தளிர்த்தன. தோட்டத் துரைமார் அதனைப் பொருட்படுத்தவில்லை. விளைச்சல் குறைந்ததை அந்நாளைய விலையேற்றம் மறைத்துவிட்டது. நோய் புகுந்த பின்னரும் புதுக் காடுகளை வெட்டிக் கோப்பியே நட்டார்கள். ஏக்கர்வாரியாகக் கணக்குப் பார்த்திருந்தால் உண்மை முன்னரே புலப்பட்டிருக்கும்.

கொழும்பிலிருந்த ஏசன்சிக் கம்பெனிகள், வரப்போகும் விளைச்சலை நம்பி முற்பணம் கொடுத்தன. விளைச்சல் குறையவே, பழைய முற்பணத்தைத் தீர்க்கப் புதிய முற்பணம் வாங்கினர். அதற்குத் தோட்டமே ஈடாயிற்று. 1880 இல் வந்த மார்ஷல் வார்ட் என்னும் விஞ்ஞானி, காற்றிலே பரவும் பூஞ்சணமே காரணம் எனக் காட்டினார். தீர்க்கும் மருந்து அவரிடமும் இருக்கவில்லை. 1884 மே மாதத்தில் ஓரியண்டல் வங்கி கதவடைத்தது. அதன் நாணயத் தாள்களுக்குத் தேசாதிபதி ஆதர் கோர்டன் அரசாங்கப் பொறுப்பு ஏற்றதனாலேயே பீதி ஓரளவு அடங்கியது.

அந்நட்டம் கடைசியில் யார் தலையில் விழுந்தது? தமிழகத்திலிருந்து வந்து உழைத்த தொழிலாளர் பலர் மாதக்கணக்கிற் கூலி பெறாது நின்றனர். கடன் கொடுத்தவரிடம் ஈட்டுறுதி இருந்தது. இவர்கள் கையில் கங்காணியின் கணக்கன்றி வேறொன்றுமில்லை. இன்று தொழிலில் இடருற்றவர் எவராயினும், கொடுக்கவேண்டிய கடன்களை எழுதும்போது வேலைக்காரரின் சம்பளத்தையே முதல் வரியில் எழுதவேண்டுமென்பது என் துணிபு.

மீட்சியும் முதல் முயற்சியிலே வாய்க்கவில்லை. பலர் அவசரமாகச் சிங்கோனாவுக்குத் தாவினர். கொயினா மருந்துக்கு உதவும் அதன் பட்டை நல்ல விலை பெற்றது. எல்லோரும் நட்டு, எல்லோரும் உரித்து அனுப்பவே, சில ஆண்டுகளில் விலை சரிந்தது. அயலவர் இலாபத்தைக் கண்டு தொடங்கும் இரண்டாந் தொழிலுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

தேயிலையின் கதை வேறு. கோப்பி செழித்திருந்த 1867 இலேயே லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் அதனை நட்டிருந்தார். அவர் தோட்டச் சொந்தக்காரரல்லர், சம்பளத்துக்கு நிருவகித்தவர். தம் விறாந்தையிலே கையால் இலை உருட்டிப் பழகினார். 1873 இல் இலண்டனுக்குச் சென்றது 23 இறாத்தலே. ஆயினும் கோப்பி விழுந்தபோது, பிறர் நேரிற் சென்று பார்த்துப் பழகுவதற்கு அத்தோட்டம் ஆயத்தமாய் இருந்தது.

தப்பியவர்கள் எஞ்சியதை எண்ணினார்கள். திருத்திய சரிவுகள் இருந்தன, வீதி இருந்தது, கண்டிவரை புகையிரதம் ஓடியது, மலைவேலை அறிந்த கைகள் இருந்தன. நலிந்த கோப்பிச் செடிகளின் இடையிலேயே தேயிலைக் கன்றுகளை ஊன்றினர். 1875 அளவில் ஆயிரம் ஏக்கரளவே இருந்த தேயிலை, 1900 அளவில் மூன்றரை இலட்சம் ஏக்கரைக் கடந்தது.

ஆனால் பறித்த கொழுந்தைத் தாமதமின்றிப் பதப்படுத்த ஆலை வேண்டும். ஆலைக்குப் புது முதல் வேண்டும். அது கிட்டாத சிறு தோட்டக்காரர் பலர் நிலத்தை விற்று விலகினர். வீட்டுத் தோட்டத்திற் கோப்பி வளர்த்த கிராமத்துக் குடியானவர்க்கோ, அந்த மீட்சியிற் கிடைத்த பங்கு மிகச் சிறிது.