அஞ்சும் பிள்ளைக்கு நாம் செய்யக்கூடியது

(பங்கின் பொன்விழா ஆண்டுக் குடும்ப நாள் கூட்டத்தில் பெற்றோர் இருவர் ஆற்றிய உரை)



மேடை ஏறிப் பேசிப் பழக்கம் இல்லாதவர்கள் நாங்கள். "உங்கள் பிள்ளையைப் பற்றி நீங்களே சொன்னால்தான் மக்களுக்குப் புரியும்" என்று பங்குத்தந்தை வற்புறுத்தியதால் வந்து நிற்கிறோம். எங்கள் மகனை உங்களில் பலருக்குத் தெரியும். கடைசி வரிசையில், பக்கவாசல் ஓரமாக, எங்கள் இருவருக்கும் நடுவே அமர்ந்திருப்பான். இப்போது பதினான்கு வயது. இந்த ஓராண்டாக அவனை நீங்கள் கோயிலில் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். அதற்கான காரணத்தையும் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

ஆறு வயதில் அவனுக்குக் கரும்பலகை தெரியவில்லை. கண்ணாடி போட்டோம், பயனில்லை. விழித்திரையில் கோளாறு என்றார்கள். எட்டு வயதுக்குள் பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. அதையாவது தாங்கிக்கொள்ளலாம், பார்வையற்றோர் எத்தனையோ பேர் படித்து முன்னேறவில்லையா என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம். பத்தாவது வயதில் முதல் வலிப்பு வந்தது. அதன் பிறகுதான் மரபணுப் பரிசோதனைக்கு இரத்தம் அனுப்பினார்கள். வந்த விடை, பாட்டன் நோய்.

1826ஆம் ஆண்டு நார்வே நாட்டில் ரோரோஸ் என்ற சுரங்க ஊரில், ஒரே வீட்டில் நான்கு பிள்ளைகளுக்கு இந்நோய் வந்ததை ஸ்டெங்கல் என்ற மருத்துவர் எழுதி வைத்தார். 1903இல் இலண்டனில் ஃபிரெடரிக் பாட்டன் என்ற மருத்துவர் இதை ஆராய்ந்து எழுதியதால் அவர் பெயர் நிலைத்தது. இதில் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. எங்கள் மகனுக்கு இருப்பது சி.எல்.என். 3 என்ற வகை. அதற்குக் காரணமான மரபணுவை 1995இல் கண்டுபிடித்தார்கள். நம் உடலின் ஏறக்குறைய ஒவ்வோர் உயிரணுவிலும் கழிவை அகற்றும் அமைப்பு ஒன்று இருக்கிறது. இந்நோயில் அது சரியாக வேலை செய்வதில்லை. பெருக்காத வீட்டில் குப்பை சேர்வதுபோல, மூளை நரம்பணுக்களிலும் விழித்திரையிலும் கழிவு சேர்ந்து அவை மெல்ல மடிகின்றன. முதலில் பார்வை, பிறகு நினைவாற்றல், பேச்சு, நடை என்று ஒவ்வொன்றாகக் குறையும். சி.எல்.என். 2 என்ற வகைக்கு மட்டும், நோயின் வேகத்தைக் குறைக்கும் மருந்து ஒன்று 2017இல் வெளிநாடுகளில் ஒப்புதல் பெற்றது. எங்கள் மகனுக்குள்ள வகையைக் குணமாக்கும் மருந்து இல்லை. இருபது வயதுக்குப் பின் அவன் எங்களோடு இருந்தால் அது எங்களுக்குக் கிடைத்த வரம்.

இது தொற்றுநோய் அன்று. யார் செய்த பாவமும் அன்று. பழுதான மரபணு ஒன்று தாயிடமிருந்தும் ஒன்று தகப்பனிடமிருந்தும் சேர்ந்து வந்தால்தான் நோய் உண்டாகும். பெற்றோர் இருவரிடமும் அது மறைந்திருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. நாங்கள் இருவரும் அத்தை மகன், மாமன் மகள். ஆயரிடம் விதிவிலக்குப் பெற்று இதே கோயிலில்தான் மணம் முடித்தோம். உறவில் மணந்த எல்லாருக்கும் இப்படி நேர்வதில்லை. அந்நியத்தில் மணந்தவர்களுக்கும் நேர்வதுண்டு. ஆனாலும் உறவுக்குள் ஆபத்து கூடுதல் என்பது மெய். எனவே இளைஞர்கள் பெண் பார்க்கும் முன்பே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இனி நாங்கள் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறோம். பார்வை போனது எங்களை அழ வைத்தது. வலிப்பு எங்களை நடுங்க வைத்தது. ஆனால் நாள்தோறும் எங்களைச் சோர வைத்தது அவனுடைய பயம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் கொடியேற்றத்தன்று, அவன் நின்ற இடத்துக்கு மிக அருகில் வேட்டு வெடித்தது. நமக்குத் திரி பற்றுவது தெரிகிறது, காதைப் பொத்திக்கொள்கிறோம். அவனுக்கோ இருட்டிலிருந்து திடீரென்று ஓர் இடி. எங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறியவன் வீடு வந்த பின்னும் நெடுநேரம் நிறுத்தவில்லை. கூட்டத்தில் சிலர் "இது பேய்க்கோளாறு, மந்திரித்துப் பாருங்கள்" என்றார்கள். அன்று முதல் பல மாதங்களுக்கு, பொழுது சாய்ந்தால், "அப்பா, வேட்டுப் போடுவாங்களா?" என்று கேட்பான். இல்லை என்போம். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் கேட்பான். ஒரே மாலையில் நாற்பது தடவை எண்ணியிருக்கிறோம்.

நாங்கள் செய்த தவறுகளை மறைக்க விரும்பவில்லை. "அதான் சொன்னேனே, எத்தனை தடவை கேட்பாய்?" என்று அதட்டினோம். ஒருமுறை அடிக்கவும் செய்தோம். பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. பிறகுதான் ஒரு மருத்துவர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். இந்தப் பயம் பிடிவாதம் அன்று. வளர்ப்பின் குறையும் அன்று. நோயே மூளையின் பயத்தை அடக்கும் ஆற்றலைக் குறைக்கிறது. அதோடு பார்வை இல்லை. அடுத்து என்ன வரும் என்று பார்த்து அறிய வழியில்லை. சற்றுமுன் கேட்ட பதிலும் நினைவில் தங்குவதில்லை. இம்மூன்றும் சேர்ந்தால் யாருக்குத்தான் அச்சம் வராது? அவன் நாற்பது தடவை கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் முதல் தடவையாகவே கேட்டான்.

அதன் பின் நாங்கள் கற்றுக்கொண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். வேறு நோயுள்ள பிள்ளைகள், மறதி நோயுள்ள முதியோர் ஆகியோரைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளுக்கும் இவை உதவலாம்.

முதலாவது, நாளுக்கு ஓர் ஒழுங்கு. எழுவது, குளிப்பது, உண்பது, உறங்குவது எல்லாம் அதே நேரத்தில், அதே வரிசையில். வாயால் சொல்வது மறந்துபோகும். கையால் தொட்டது சற்று நேரம் நிற்கும். ஆகவே குளிப்பதற்கு முன் துண்டையும், சாப்பாட்டுக்கு முன் தட்டையும், இரவுச் செபத்துக்கு முன் ஆச்சியின் செபமாலையையும் அவன் கையில் கொடுப்போம். அடுத்தது என்ன என்பதைக் கை அறிந்துகொண்டால் மனம் பாதி அமைதி அடைகிறது.

இரண்டாவது, ஒரே கேள்விக்கு ஒரே பதில், அதே சொற்களில், அதே குரலில். அப்பா ஒன்று, அம்மா ஒன்று, ஆச்சி ஒன்று என்று சொன்னால் குழம்புவான். "இன்று வேட்டு இல்லை. நாங்கள் உன்னோடு இருக்கிறோம்." இவ்வளவுதான். சொல்லிவிட்டு உடனே கைக்கு ஒரு வேலை கொடுப்போம். பயறு உருவலாம், துணி மடிக்கலாம். பதிலைவிட அந்த வேலைதான் அவனைப் பயத்திலிருந்து கரையேற்றும்.

மூன்றாவது, எதையும் முன்கூட்டிச் சொல்வது, ஆனால் அளவோடு. அடுத்த வாரம் மருத்துவமனை என்று இன்றே சொன்னால் ஏழு நாளும் தூங்க மாட்டான். அன்று காலையில் சொல்லாமல் அழைத்துப் போனால் நம்மை நம்ப மாட்டான். முந்தின நாள் மாலை சொல்வது எங்கள் பிள்ளைக்குப் பொருந்துகிறது. பிள்ளைக்குப் பிள்ளை இது மாறும்.

நான்காவது, பயம் திடீரென்று கூடினால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். பேச்சுக் குழறிப்போன பிள்ளைக்கு வலியைச் சொல்லத் தெரியாது. இரண்டு வாரம் இரவெல்லாம் அலறினான். கடைசியில் பார்த்தால் சொத்தைப் பல். இன்னொரு முறை மலச்சிக்கல். காது, சிறுநீர்த் தொற்று இவற்றையும் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, மருந்து. வலிப்புக்கான சில மருந்துகளே எரிச்சலையும் கலக்கத்தையும் உண்டாக்கக் கூடும். அப்படித் தோன்றினால் மருத்துவரிடம் சொல்லி மாற்ற வேண்டுமே தவிர, நாமாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். பயத்தைத் தணிக்கவும் மருந்துகள் உண்டு. தேவைப்படும்போது அவற்றைக் கொடுப்பதில் வெட்கமில்லை. ஆனால் மனநோய்க்குத் தரும் சில மருந்துகள் இந்நோயுள்ள பிள்ளைகளின் கைகால்களை விறைக்கச் செய்து நடையைக் கெடுக்கும். எங்களுக்கு அது நேர்ந்தது. ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும் நோயின் பெயரையும், உண்ணும் மருந்துகளையும் எழுதிய தாளை முதலில் நீட்டுகிறோம்.

ஆறாவது, பாட்டு. பழகிய பாட்டு பேச்சைவிட அதிக நாள் தங்குகிறது. நேற்று என்ன சாப்பிட்டான் என்பது தெரியாத பிள்ளை, சிறுவயதில் ஆச்சி மடியில் கேட்ட பாடல்களை அடி பிசகாமல் பாடுவான். வலிப்பு வந்து தெளியும்போதும், ஊசி போடும்போதும் ஆச்சியின் குரல்தான் எங்கள் முதல் மருந்து.

இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்வது எளிதன்று. சென்ற ஆண்டு ஒருநாள் கோயிலில் துக்க மணி அடித்தது. கேட்டுக்கொண்டே இருந்தவன், "எனக்கும் அடிப்பாங்களாப்பா?" என்றான். நாங்கள் பதறி, "அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று வாயை அடைத்தோம். அன்றிலிருந்து மணி ஓசை கேட்டாலே உடல் நடுங்கத் தொடங்கியது. அதனால்தான் அவனைக் கோயிலுக்கு அழைத்து வருவதை நிறுத்தினோம்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலியர் அம்மா ஒருவர் எங்களுக்கு வழி காட்டினார். "பதில் சொல்ல அவசரப்படாதீர்கள்; அவன் மனதில் இருப்பது என்ன என்று கேளுங்கள்" என்றார். அடுத்த முறை அவன் கேட்டபோது நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு, "ஏன் ராசா அப்படிக் கேட்கிறாய்?" என்றோம். திக்கித் திக்கி அவன் சொன்னது இதுதான்: "அப்போ யாரு என் கையைப் பிடிச்சுக்குவா?" அவன் சாவைப் பற்றிக் கேட்கவில்லை, தனிமையைப் பற்றிக் கேட்டான். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பொய்யில்லாத பதில் இருந்தது. "அப்பாவும் அம்மாவும் பிடித்துக்கொள்வோம். விடவே மாட்டோம்" என்றோம். பெருமூச்சு விட்டுவிட்டுத் தூங்கினான். நாங்கள் இருவரும்தான் அன்று தூங்கவில்லை. இல்லாத நம்பிக்கையைப் பிள்ளைக்குக் கொடுக்கத் தேவையில்லை, இருக்கிற துணையைக் கொடுத்தால் போதும் என்று அந்த இரவில் கற்றோம்.

அவனுடைய தங்கைக்கு ஒன்பது வயது. அவளுக்கு நோய் இல்லை. ஆனால் பயம் உண்டு, "எனக்கும் கண் போகுமா?" என்று பள்ளியில் தோழியிடம் கேட்டிருக்கிறாள், எங்களிடம் கேட்கவில்லை. நோயுள்ள பிள்ளையைச் சுற்றியே வீடு இயங்கும்போது நலமுள்ள பிள்ளை ஓசையின்றி ஒதுங்கிவிடுகிறது. வின்சென்ட் தே பவுல் சபையார் ஞாயிறுதோறும் இருவராக வந்து எங்கள் மகனோடு இரண்டு மணி நேரம் இருக்கிறார்கள். அந்த இரண்டு மணி நேரம் முழுவதும் எங்கள் மகளுக்குரியது. இந்த உதவிக்கு நாங்கள் எப்படி நன்றி சொல்வோம்!

கடைசியாக உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

அவனிடம் வரும்போது முதலில் பெயரைச் சொல்லுங்கள்; பிறகு கையைத் தொடுங்கள். "தம்பி, உபதேசியார் தாத்தா வந்திருக்கிறேன்" என்றால் அவன் முகம் மலரும். சொல்லாமல் தலையைத் தடவினால் துள்ளி விழுவான். "நான் யார் என்று சொல்லு பார்ப்போம்" என்று விளையாட்டாகக் கேட்காதீர்கள். தெரியவில்லையே என்ற கவலை அன்று முழுவதும் அவனை அரிக்கும். "ஐயோ பாவம், எத்தனை நாளைக்கோ" என்று அவன் காதுபடச் சொல்லாதீர்கள். கண்தான் போயிற்று, காது நன்றாகக் கேட்கிறது. பேய் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

பொன்விழா நாளில் அவனைத் திருப்பலிக்கு அழைத்து வர விரும்புகிறோம். புதுநன்மை வாங்கிய இந்தக் கோயிலில் இன்னொரு பெருவிழாவுக்கு அவன் நடந்து வருவானா என்பது எங்களுக்குத் தெரியாது. ஆகவே விழாக் குழுவினரிடம் ஒன்று கேட்கிறோம். வேட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. அது உங்கள் பிள்ளைகளின் மகிழ்ச்சி. திருப்பலி முடிந்து கால் மணி நேரம் கழித்து, பள்ளி மைதானத்தின் அந்தக் கோடியில் போடுங்கள். நேரத்தை முந்தின நாளே எங்களுக்குச் சொல்லுங்கள். நாங்கள் அவனிடம் சொல்லி, காதை மூடி, வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவோம். கோயில் மணியை மட்டும் அவன் கேட்கட்டும். துக்கத்துக்கு மட்டுமல்ல, மகிழ்ச்சிக்கும் அதே மணிதான் அடிக்கிறது என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறோம்.