முடி கொட்டுகிறது என்பதற்காக நாயை அனுப்பிவிடலாமா?



வீட்டில் நாய் வளர்ப்போரும் முடித் தொல்லையும் என்பது இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு. இதைக் கேட்டதும் இங்கே சிலர் சிரித்தீர்கள். சிரித்தவர்கள் நாய் வளர்க்காதவர்கள். சிரிக்காமல் பெருமூச்சு விட்டவர்கள் வளர்ப்பவர்கள். மேடையிலிருந்து பார்த்தால் நன்றாகவே தெரிகிறது.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. நிகழ்ச்சி படைக்கிறவள். ஆனால் சிங்கப்பூரில் ஒரு நாலறை வீவக வீட்டில் ஒன்பது ஆண்டுகளாக ஒரு ஜப்பானிய ஸ்பிட்ஸ் நாயோடு வாழ்கிறேன். அது வெள்ளை. எனக்குப் படப்பிடிப்புக்குப் பெரும்பாலும் கறுப்பு உடைதான் தருவார்கள். ஒளிப்பதிவுக் கூடத்து விளக்கு ஒரே ஒரு முடியைக்கூட விடாது, காட்டிக் கொடுத்துவிடும். உடை அலங்காரப் பிரிவில் பசை உருளை ஒன்றை எனக்காகவே தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இது வேடிக்கைப் பேச்சோடு முடிகிற விஷயமாக இருந்தால் நான் இங்கு வந்திருக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த இரண்டு வீடுகளில் "நாயை யாரிடமாவது கொடுத்துவிடுவோம்" என்ற பேச்சு முடியில்தான் தொடங்கியது. சோற்றில் ஒரு முடி, சாமி மேடையில் ஒரு முடி, பிள்ளையின் பள்ளிச் சீருடையில் ஒரு முடி. ஆறு ஏழு ஆண்டுகள் கூடவே வளர்ந்த உயிரின் தலையெழுத்து இப்படித்தான் தீர்மானிக்கப்படுகிறது. அதனால், இந்த முடியை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்த முடியும், எது முடியாது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது.

முடி கொட்டுவதை நிறுத்த முடியாது. நிறுத்துவதாகச் சொல்லி விற்கப்படும் எந்த ஷாம்புவையும் நம்பாதீர்கள். ஒவ்வொரு முடியும் வளரும், ஓய்வெடுக்கும், பிறகு உதிரும். பூடில் போன்ற நாய்களுக்கு வளரும் காலம் மிக நீளம். அதனால் அதிகம் உதிராது, ஆனால் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்பிட்ஸ், ஹஸ்கி போன்ற குளிர்நாட்டு இனங்களுக்கு ஓய்வுக் காலம் நீளம். வெளியே தெரியும் முரட்டு முடிக்கு அடியில் பஞ்சு போன்ற அடிமுடி ஒன்று உண்டு. கூடத்தின் மூலையில் உருண்டு திரிவது பெரும்பாலும் அதுதான்.

குளிர்நாடுகளில் பகல் நீளும்போதும் குறையும்போதும், ஆண்டுக்கு இரண்டு முறை இந்த அடிமுடி மொத்தமாகக் கொட்டும். நாம் இருப்பது நிலநடுக்கோட்டின் பக்கத்தில். இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் பத்து நிமிடம்கூட இல்லை. போதாததற்கு இரவு பதினோரு மணி வரை வீட்டில் விளக்கு, குளிர்சாதனம். நாயின் உடம்புக்குப் பருவமே புரிவதில்லை. எனவே ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. "எப்போதுதான் இது ஓயும்?" என்று என் அம்மா கேட்பார். ஓயாது அம்மா, அதற்கு இது ஊர் இல்லை என்பேன்.

சரி, என்னதான் செய்வது? எப்படியும் உதிரப்போகிற முடி தரையில் விழுவதற்கு முன்னால் பிரஷ்ஷில் விழட்டும். இதைவிடப் பெரிய வைத்தியம் எனக்குத் தெரியாது. வாரத்தில் மூன்று நான்கு நாள், ஒரு கால் மணி நேரம் போதும். அடர்ந்த முடியுள்ள நாய்க்கு மேலாக வாரினால் பயனில்லை. ஒரு கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்து, தோல் தெரியும்படி வகிடு எடுத்து, அங்கிருந்து வெளிப்பக்கமாக வாரவேண்டும். காதுக்குப் பின்புறம், தொடையின் பின்பக்கம், வாலடி ஆகிய மூன்று இடங்களிலும் அடிமுடி நன்றாகச் சிக்கிக்கொள்ளும். பக் போன்ற குட்டை முடி நாய்களுக்கு ரப்பர் பிரஷ் நல்லது. குட்டை முடிதானே, கொட்டாது என்று நினைத்து பக் வாங்கியவர்கள் பாவம். அந்த முடி ஊசிபோல் சோபாத் துணிக்குள் புகுந்துகொள்ளும். கத்திபோன்ற பல் வைத்த கருவிகளும் கிடைக்கின்றன. கைநிறைய முடி வருவதைப் பார்க்கும் மகிழ்ச்சியில் தினமும் இழுத்தால் நல்ல முடியும் அறுந்துவிடும், தோலும் கீறும்.

குளிப்பாட்டுவதற்கு முன் வாருங்கள், காய்ந்த பிறகு மறுபடி வாருங்கள். முழுவதும் காய வைப்பது நம் ஊரில் மிக முக்கியம். நமது ஈரப்பதத்தில் அடிமுடி மணிக்கணக்காக நனைந்தே இருக்கும். அங்கே புண்ணும் பூஞ்சையும் வரும். நாம் போட்டுக்கொள்ளும் ஷாம்பு வேண்டாம், நாயின் தோல் நம் தோலைவிட மெல்லியது. 'இயற்கை மருந்து' என்று சிலர் தடவும் டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கு நஞ்சு.

மொட்டையடித்துவிட்டால் தொல்லை விட்டதே என்று பலர் கேட்கிறார்கள். பூடில், ஷீட்சு வகைகளுக்கு முடி வெட்டுவது வழக்கம்தான். அடிமுடி உள்ள நாய்களுக்கு அப்படிச் செய்யாதீர்கள். அந்த முடிதான் வெயிலிலிருந்து தோலைக் காக்கிறது. மழித்த இடத்தில் மாதக்கணக்கில் முடி முளைக்காமலே போன நாய்களும் உண்டு. முளைத்தாலும் பழைய அழகு வராமல் திட்டுத்திட்டாக நிற்கும். கொட்டுவதும் நிற்காது. நீள முடிக்குப் பதில் குட்டை முடி கொட்டும், அவ்வளவுதான்.

எல்லா முடி உதிர்வும் இயல்பானது என்றும் இருந்துவிடக்கூடாது. வட்ட வட்டமாக வழுக்கை, ஓயாத சொறிதல், தோல் சிவத்தல், துர்நாற்றம் இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். உண்ணி, சொறிப்பூச்சி, படர்தாமரை எதுவாகவும் இருக்கலாம். படர்தாமரை பிள்ளைகளுக்கும் தொற்றும். உடம்பின் இரு பக்கமும் ஒரே மாதிரி முடி குறைந்து, நாய் சோம்பி, எடை கூடினால் தைராய்டு சுரப்பி குறைவாக வேலை செய்யலாம். தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்து வயிறும் தொங்கினால் அது வேறு சுரப்பி நோயின் அறிகுறி. இதையெல்லாம் பிரஷ் தீர்க்காது.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. முடி என்பது ஏறக்குறைய முழுக்கப் புரதம். மிஞ்சிய சோற்றில் குழம்பை ஊற்றி வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதில் புரதம் குறைவு. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களையே அழிக்கும். மீன் எண்ணெய் சில நாய்களின் முடிக்கு நல்லது செய்கிறது. அளவை மருத்துவரிடம் கேளுங்கள், பலன் தெரிய இரண்டு மாதம் ஆகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி வீட்டைப் பார்ப்போம். மின்விசிறியை நிறுத்தாமல் கூட்டினால் முடி உங்களுக்கு முன்னால் அடுத்த அறைக்குப் போய்விடும். விளக்குமாற்றைவிட ஈரத் துடைப்பம் மேல். சோபாவுக்கு, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை லேசாக நனைத்துப் போட்டுக்கொண்டு ஒரே திசையில் தேயுங்கள். முடி சுருண்டு கையோடு வரும். துணிகளைத் துவைப்பதற்கு முன் நன்றாக உதறுங்கள். உலர்த்தும் இயந்திரம் உள்ளவர்கள் பத்து நிமிடம் அதில் காய்ந்த துணியாகவே ஓடவிட்டால் பாதி முடி வடிகட்டியில் நின்றுவிடும். குளிர்சாதனக் கருவியின் வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள்.

நான் மிகவும் சொல்ல நினைத்தது இனிமேல்தான். என்னோடு பணிபுரியும் ஒரு தோழியின் மகனுக்கு இரவில் இழுப்பு. வீட்டில் ஒரு பக் நாய். மாமியார் ஊரிலிருந்து வந்து தங்கிய இரண்டாவது வாரமே சொல்லிவிட்டார்: "பிள்ளையா நாயா, நீயே முடிவு பண்ணிக்கம்மா." அந்த அம்மாள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பேரப்பிள்ளை மூச்சுத் திணறுவதை எந்தப் பாட்டி பார்த்துக்கொண்டிருப்பார்?

தோழி ஒன்று செய்தார். நாயை அனுப்புவதற்கு முன், பலதுறை மருந்தகத்தில் எழுதி வாங்கிக்கொண்டு மகனுக்குத் தோல் ஒவ்வாமைச் சோதனை எடுத்தார். நாய்க்கு ஒன்றும் எழும்பவில்லை. தூசிப்பூச்சிக்குக் கை வீங்கியது. சிங்கப்பூர்ப் பிள்ளைகளிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படும் ஒவ்வாமை இதுதான். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சி மெத்தையிலும் தலையணையிலும் குடியிருக்கிறது. நாயை அனுப்பியிருந்தால் இழுப்பு அப்படியேதான் இருந்திருக்கும். இப்போது மெத்தைக்கு உறை, படுக்கை விரிப்புக்கு வாரந்தோறும் 60 டிகிரி சுடுநீர், கூடவே மருத்துவர் தந்த மருந்து. நாய் மட்டும் படுக்கை அறைக்குள் வருவதில்லை. இது மாமியாரின் நிபந்தனை, யாரும் எதிர்க்கவில்லை.

சோதனை வேறு மாதிரியும் சொல்லியிருக்கலாம். உண்மையிலேயே நாய் ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆகாதது முடி மட்டும் என்று நினைக்க வேண்டாம். நாயின் எச்சிலிலும் தோல் பொடுகிலும் இருக்கும் புரதம்தான் காரணம். முடி அதைச் சுமந்து திரியும் வண்டி. அதனால்தான் முடி கொட்டாத நாய் வாங்கியும் சிலருக்குத் தும்மல் நிற்பதில்லை. 2012ல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு ஒன்று, 'ஒவ்வாமை தராதவை' என்று விற்கப்படும் இனங்களின் முடியில் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிடக் குறைவாக இல்லை என்று கண்டது. கடைக்காரர் சொல்வதை நம்பி வாங்குவதைவிட, அந்த இன நாய் இருக்கும் வீட்டில் பிள்ளையோடு இரண்டு மூன்று முறை சில மணி நேரம் இருந்து பாருங்கள். நாய் போன பிறகும் அந்தப் புரதம் மெத்தையிலும் சோபாவிலும் மாதக்கணக்கில் தங்கியிருக்கும். மறுநாளே மூச்சு சீராகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பெரியவர்களோடு வாழும் வீடுகளில் ஒரு எல்லைக்கோடு நல்லது. எங்கள் வீட்டில் சாமி மேடை இருக்கும் அறைக்கும் சமையலறைக்கும் சிறு தடுப்புக் கதவு போட்டிருக்கிறோம். அதன் பிறகு அம்மாவுக்கும் நாய்க்கும் நடுவில் ஏற்பட்டிருக்கும் நட்பைப் பார்த்தால் எனக்கே சற்றுப் பொறாமையாக இருக்கிறது.

அண்டை வீட்டாரையும் நினைக்கவேண்டும். பொதுத் தாழ்வாரத்தில் நாயை உட்காரவைத்து வாருகிறவர்களைப் பார்க்கிறேன். காற்றில் பறக்கும் முடி எதிர்வீட்டு வாசலில்தான் போய் நிற்கும். அங்கே மலாய்க் குடும்பம் இருக்கலாம். நாயைத் தொடுவது குறித்து முஸ்லிம்களுக்குச் சமய நெறிகள் உண்டு. குளியலறையில், கதவைச் சாத்திக்கொண்டு வாருங்கள். முடியைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

இனிமேல்தான் நாய் வாங்கப் போகிறீர்களா? வீவக வீட்டில் அனுமதிக்கப்பட்ட இனத்தில் ஒரு நாய் மட்டுமே வளர்க்கலாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பட்டியலில் இருப்பதாலேயே முடி கொட்டாது என்று பொருளில்லை. ஸ்பிட்ஸ், போமரேனியன், பக், ஷெட்லண்ட் ஷீப்டாக் நான்கும் பட்டியலில் உண்டு, நான்கும் நன்றாகக் கொட்டும். பூடில், ஷீட்சு, மால்டீஸ் குறைவாகக் கொட்டும்; ஆனால் சிக்கு விழாமல் வாரவும் முடி திருத்தவும் மாதாமாதம் வெள்ளி செலவாகும். 2012ல் தொடங்கிய 'அடோர்' திட்டத்தின் கீழ் வீவக வீடுகளுக்கு வரும் உள்ளூர்க் கலப்பின நாய்களுக்கும் முடி கொட்டத்தான் செய்யும்.

எல்லாம் செய்தும், பிள்ளையின் உடல்நிலை இடம் கொடுக்கவில்லை என்றால் நாயை வேறு வீட்டுக்குக் கொடுப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. கொண்டுபோய் எங்காவது விட்டுவிட்டு வருவதுதான் சட்டப்படி குற்றம். அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. புதிய வீட்டாரிடம் எவ்வளவு முடி கொட்டும் என்பதை முதல் நாளே காட்டிவிடுங்கள். இரண்டு வாரம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒத்துவந்தால் உரிமத்தை அவர்கள் பெயருக்கு மாற்றுங்கள். அது பழகிய பிரஷ்ஷையும் படுக்கைத் துணியையும் கூடவே கொடுத்தனுப்புங்கள், முதல் சில இரவுகள் அந்த வாசனையில்தான் அது தூங்கும்.