தாத்தா, ஒரு விஷயம் சொல்லணும்

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மெயின்டனன்ஸ் பாக்கி, தண்ணீர் லாரி, லிஃப்ட் எல்லாம் பேசி முடித்துவிட்டோம். காபி வருவதற்குள் பத்து நிமிடம் தாருங்கள் என்று செயலாளரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். முடித்து, 36 வருடம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன். குழந்தைகளின் இணையப் பாதுகாப்பைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று தோன்றலாம். என் வீட்டில் நடந்ததுதான் தகுதி. பேரனிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். எனக்கு இரண்டு பேரன்கள். அவர்களில் யார் என்று சொல்லக் கூடாது என்பது அவன் போட்ட நிபந்தனை.

போனில் விளையாடும் ஒரு விளையாட்டில் கூடவே ஆடிய ஒருவனை இவன் "அண்ணா" என்று கூப்பிடும் அளவுக்குப் பழக்கமாகிவிட்டது. எந்தப் பள்ளி, எந்த ஏரியா என்பதையெல்லாம் பேச்சுவாக்கில் தெரிந்துகொண்ட அந்த "அண்ணா", ஒரு நாள் போட்டோ கேட்டிருக்கிறான். இவனும் பள்ளிச் சீருடையில் எடுத்த ஒரு சாதாரணப் படத்தை அனுப்பிவிட்டான். ஒரு வாரம் கழித்து அந்த முகத்தை ஒரு கேவலமான படத்தில் ஒட்டி அனுப்பி, "500 ரூபாய் அனுப்பு, இல்லாவிட்டால் உன் கிளாஸ் குரூப்பில் போட்டுவிடுவேன்" என்றிருக்கிறான்.

பணம் போனது என் போனிலிருந்து. ரகசிய எண்ணைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். பால்காரருக்குப் பணம் அனுப்ப வேண்டும், கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டேன், "நீயே போடுடா" என்றேன். பின் நம்பரை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வாடிக்கையாளர்களிடம் வாய் வலிக்கச் சொன்னவன் நான்! 500, அப்புறம் 1,000, அப்புறம் 2,000. மூன்று முறையும் எஸ்எம்எஸ் வந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. பாஸ்புக்கில் என்ட்ரி போடப் போனபோதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவுடா எடுத்தே?" என்பது. என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அவன் சுவரைப் பார்த்து நின்றான். இரவு என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, "யாராவது பயமுறுத்தினாங்களா கண்ணா?" என்று கேட்டபிறகுதான் உடைந்து அழுதான். முதல் மிரட்டல் வந்த அன்றே என் அறை வாசலுக்கு வந்து, "தாத்தா, ஒரு விஷயம் சொல்லணும்" என்றானாம். நான் நியூஸ் பார்த்துக்கொண்டு "அப்புறம்" என்றேனாம். எனக்கு நினைவே இல்லை. அவனுக்கு அந்த வார்த்தைகூட நினைவிருக்கிறது. மறுபடி வந்து சொல்லாததற்குக் காரணம் கேட்டேன். "போனைப் பிடுங்கிடுவீங்க, அப்பா அடிப்பார்."

வங்கியில் சாயங்காலம் கேஷ் டேலி ஆகவில்லை என்று உடனே எழுந்து சொல்கிற கேஷியருக்காக நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து கட்டுகளைத் திரும்ப எண்ணுவோம். பாதி நாள் எங்காவது மாட்டும். பயந்துபோய் மறைத்தவரின் கணக்கைத்தான் மறுநாள் பிடிக்க முடியாது. அவர் ஏன் பயந்தார் என்றால், முன்பு ஒருவர் சொன்னபோது மேனேஜர் போட்ட சத்தம். நம் வீடுகளில் அந்த மேனேஜர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, நடந்துவிட்டால் என்ன செய்வது? இனி ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது. கொடுக்கக் கொடுக்கக் கேட்பான். கோபத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். மிரட்டல் செய்தி, அவனுடைய ஐடி, பணம் போன யுபிஐ ஐடி, பரிவர்த்தனையின் 12 இலக்க எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, அப்புறம் பிளாக் செய்யுங்கள். 1930-க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பக்கத்துக் கணக்கில் பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் செய்யலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்கு அங்கே தனிப் பகுதி இருக்கிறது. பணமே போகவில்லை, குழந்தை பயந்திருக்கிறது என்றாலும் 1098 இருக்கிறது. 24 மணி நேரமும் எடுப்பார்கள். நாங்கள் புகார் செய்தது தாமதமாகத்தான். 3,500 ரூபாய் திரும்பி வரவில்லை. படம் இதுவரை எங்கும் வரவில்லை.

இன்னொன்று, பிறந்த வருடம். பிள்ளை அழுதான் என்று வருடத்தை மாற்றிப் போட்டு இன்ஸ்டாகிராம் கணக்கு திறந்து கொடுப்பது பல வீடுகளில் நாம்தான். அங்கே 13 வயது ஆகியிருக்க வேண்டும். 18-க்குக் கீழ் என்று பதிவானால் கணக்கு தானாகவே வெளியார் பார்க்க முடியாதபடி அமையும், முன்பின் தெரியாதவர்கள் செய்தி அனுப்பவும் முடியாது. 20 வயது என்று பொய் சொன்னால் அந்தப் பூட்டுகள் எதுவும் விழாது. கேஒய்சியில் இப்படி ஒரு தேதியை என்னிடம் நீட்டியிருந்தால் படிவத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

அதற்காக போனே கிடையாது என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. 10 வயது நிரம்பிய பிள்ளை சேமிப்புக் கணக்கைத் தானே இயக்க வங்கியிலேயே வழி உண்டு. ஆனால் வங்கி ஒரு வரம்பு வைக்கும், ஓவர்டிராஃப்ட் கிடையாது. எங்கள் வீட்டிலும் இப்போது அதே மாதிரிதான். புது ஆப் இறக்கினால் ஃபேமிலி லிங்க் வழியாக அவன் அம்மாவின் போனுக்கு அனுமதி கேட்டு வரும். ராத்திரி ஒன்பதரைக்கு எல்லார் போனும் ஹாலில் சார்ஜில் இருக்கும், என்னுடையதும். முதல் வாரம் எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேரப்பிள்ளைகளிடம் சொன்ன ரகசிய எண்ணை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். மாற்றத் தெரியாவிட்டால் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு கிளப் ஹவுஸுக்கு வாருங்கள், என் பேரன்கள் காட்டித் தருவார்கள். புது எண்ணை மட்டும் நீங்களே போடுங்கள். இரண்டு பேருமே வருவார்கள், எவன் என்று கேட்காதீர்கள்.