கூச்சத்தைத் தள்ளி வையுங்கள்

கிரிக்கெட் பந்து படும். பைக் டேங்கில் இடிக்கும். விதைப்பையில் அடிபட்டால் பலர் வீட்டில்கூடச் சொல்வதில்லை. "ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று செல்போனில் வைத்தியம் தேடுகிறோம். அந்த ரெண்டு நாள்தான் முக்கியம்!

வீக்கமும் வலியும் இருக்கும்போது, தொட்டுப் பார்த்து மட்டும் உள்ளே என்ன ஆச்சுன்னு டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அங்கேதான் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கைகொடுக்கும். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. ஜெல் தடவிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

மூன்று விஷயம் தெரியும். விதையைச் சுற்றி ரத்தம் தேங்கியிருக்கிறதா? விதையின் உறை கிழிந்திருக்கிறதா? ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு டாப்ளர் முறை பதில் சொல்லும்.

சின்ன ரத்தக்கட்டு என்றால் பெரும்பாலும் ஓய்வு, ஐஸ் ஒத்தடம், டாக்டர் தரும் மாத்திரை போதும். உறை கிழிந்திருந்தால் ஆபரேஷன். 72 மணி நேரத்துக்குள் செய்தால் விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். அடிபட்டதில் விதை முறுக்கிக்கொண்டால் சுமார் 6 மணி நேரம்தான் கெடு.

வலி குறையவில்லையா? வீக்கம் கூடுகிறதா? வாந்தி வருகிறதா? தேடுவதை நிறுத்திவிட்டு, அதே போனில் 108-ஐ அழையுங்கள். பையன் சொல்லத் தயங்கினால், நீங்களே கேளுங்க.