பெரியவர்களை வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள்
(மாதாந்திரக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



குடும்பத்தோடு ஹோட்டலுக்குக் கிளம்பும்போது, "நீங்க போயிட்டு வாங்க, எனக்குப் பார்சல் போதும்" என்று சொல்லும் வாப்பாமார், உம்மாமார் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பல நேரம் காரணம் வயிறு அல்ல, காது. 60 வயதைக் கடந்தவர்களில் 25 சதவீதத்துக்கும் மேற்பட்டோரைச் செவிக்குறைவு பாதிக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வயதில் வரும் செவிக்குறைவில் க, ச, த போன்ற எழுத்துகளின் ஒலி தேய்ந்துவிடும். சத்தம் கேட்கும், சொல் புரியாது. காது மெஷின் தட்டுச் சத்தத்தையும் சேர்த்தே கூட்டும்.

எனவே கூட்டம் சேருமுன் போய்விடுங்கள். சமையலறைக்கும் ஸ்பீக்கருக்கும் தள்ளி, வெளிச்சமுள்ள மூலை மேசையைக் கேளுங்கள். நன்றாகக் கேட்கும் காது நம் பக்கம் இருக்கட்டும். பாட்டைக் குறைக்கச் சொல்வதில் வெட்கமில்லை. மெனுவை அவர்கள் கையிலேயே கொடுங்கள். சர்வருக்கு நாமே முந்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டாம்.

முகம் பார்த்து, ஒருவர் பின் ஒருவராகப் பேசுங்கள். கத்தினால் உதட்டசைவு மாறிவிடும். வலீமாவில் ஒரே சஹனைச் சுற்றி உட்காரும்போது முகங்கள் அருகில் இருப்பது அவர்களுக்கு உதவி.

"என்ன சொன்னே?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அடுத்த முறை அவர்களை வீட்டிலேயே உட்கார வைப்பது அந்தச் சொல்தான். வேறு வார்த்தையில் மறுபடி சொல்லுங்கள்.