பில்லைக் கேளுங்கள், வழக்கை இங்கேயே போடுங்கள்

(மும்பை தாராவியில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"நுகர்வோர் உரிமை" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. அமெரிக்காவில் கென்னடி 1962இல் நான்கு உரிமைகளைச் சொன்னார், ஐக்கிய நாடுகள் அவை 1985இல் வழிகாட்டு நெறிகளை ஏற்றது, மறு ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் இந்தியாவில் சட்டம் வந்தது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். நீங்களும் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அதற்காகவா ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு வந்தோம்? நான் ஒரு கிரைண்டரைப் பற்றிப் பேசப் போகிறேன்.

நம் சகோதரி ஒருவர், பெயர் வேண்டாம், முன்வரிசையில்தான் இருக்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்து, அவருடைய மகன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு விற்று வந்து, அதில் குடும்பம் நடக்கிறது. போன ஆண்டு ஊருக்குப் போனவர், வழியில் கோவையில் இறங்கி ஒரு கடையில் 22,000 ரூபாய் கொடுத்து 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர் வாங்கினார். லாரி பார்சலில் மும்பைக்கு வந்தது. இரண்டாவது மாதம் குழவிக் கல்லில் விரிசல். மாவில் கல் துகள். இட்லியைக் கடித்தவர் சும்மா இருப்பாரா? இருபது வீட்டு வாடிக்கை ஒரே வாரத்தில் போயிற்று.

கடைக்குப் போன் போட்டார். கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார், கொங்கு நாட்டு மரியாதைக்குக் கேட்கவா வேண்டும்! "அக்கா, வித்த பொருளைத் திருப்பி எடுக்கிறதில்லீங்க. பில்லுல போட்டிருக்குது பாருங்க. கேஸ் போடறதுன்னா கோயமுத்தூருக்கு வந்து போட்டுக்குங்க. அதுவுமில்லாம நீங்க யாவாரத்துக்கு வாங்கினவங்க, உங்களுக்குக் கன்ஸ்யூமர் சட்டமெல்லாம் வராதுங்க."

ஒரே மூச்சில் மூன்று பூட்டுப் போட்டார். மூன்றையும் நம்பி நம் சகோதரி மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தார்.

முதல் பூட்டு, "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது". எல்லாக் கடையிலும் இந்த வரி அச்சிட்டிருக்கிறது. இது சட்டமா? இல்லை. சட்டம் நேர்மாறாகச் சொல்கிறது. பழைய சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் கொடுக்க மறுப்பதை நேர்மையற்ற வணிக முறை என்கிறது. பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள், போடவில்லை என்றால் 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அப்படியென்றால் அந்த வரியை அச்சடித்தது யாரைப் பயமுறுத்த? படித்தவனையா? நம்மைத்தான்.

இரண்டாவது பூட்டு, "கோவைக்கு வா". தோழர்களே, இந்தப் பூட்டில் நானே மாட்டிக்கொண்டு அழிந்தவன். ஆலையில் வேலை பார்த்த காலத்தில் ஆண்டுக்கு ஒரு முறை லீவில் திருநெல்வேலி போகும்போதெல்லாம், ஒரு மனை நிறுவனத்தின் அலுவலகத்தில் தவணை கட்டினேன். தார் ரோடு, சாக்கடை, சுற்றுச்சுவர் எல்லாம் வரும் என்று கலர் படம் காட்டினார்கள். ஏமாற்றியவன் மராத்திக்காரன் இல்லை, குஜராத்தி இல்லை, நம்ம ஊர் அண்ணாச்சிதான். தாமிரபரணித் தண்ணீர் குடித்தவன். மனையும் வரவில்லை, ரோடும் வரவில்லை. அப்போது 1986ஆம் ஆண்டுச் சட்டம். எதிர்த்தரப்பு இருக்கும் இடம், அவன் கிளை இருக்கும் இடம், வழக்குக்கான காரணம் நேர்ந்த இடம், இவற்றில்தான் வழக்குப் போடலாம். எனக்கு மூன்றும் திருநெல்வேலி. ஒன்றரை நாள் ரயில் போக, ஒன்றரை நாள் வர. போனால் "வாய்தா". நான்கு வாய்தாவுக்குப் போனேன், சம்பளம் போயிற்று. ஐந்தாவதற்குப் போகவில்லை. மனுதாரர் ஆஜராகவில்லை என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள். என் பணத்தைத் தின்றவனுக்கு அன்றைக்கு வக்கீலே தேவைப்படவில்லை. ரயில்வே டைம்டேபிளே அவன் பக்கம் வாதாடியது!

2020 ஜூலையில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இந்த அநியாயம் திருத்தப்பட்டது. பிரிவு 34, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுப்பவர் குடியிருக்கும் இடத்திலோ, தாமே உழைத்துச் சம்பாதிக்கும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்தில் மனுப் போடலாம். இது யாருக்காக எழுதிய வரி என்று தில்லியில் எழுதினவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ, ஊரைவிட்டு ஊர் வந்து பிழைக்கிற நமக்கென்றே எழுதியது போல இருக்கிறது. கோவைக் கடைக்காரர் இனி மும்பைக்கு வரட்டும். அவருக்குத் தெரியட்டும் அந்த ரயில். காரணம் காட்டிக் கேட்டால் காணொளி வழியாகவும் விசாரணை நடத்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பில்லின் அடியில் "வழக்குகள் கோவை எல்லைக்குட்பட்டவை" என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அதைக் காட்டி அவர்கள் வாதாடுவார்கள். நாடாளுமன்றம் கொடுத்ததைக் கடைக்காரரின் அச்சகம் பறிக்கலாமா என்று நாமும் வாதாடத்தான் வேண்டும்.

மனைக்காரர்கள் இப்போதும் மும்பைக்கு வந்து ஓட்டலில் ஹால் எடுத்துப் படம் காட்டுகிறார்கள் என்பதால் ஒரு வார்த்தை. ரோடு, சாக்கடை போட்டு மேம்படுத்தித் தருவதாக விற்ற மனை சேவைதான், நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வெறும் நிலம் மட்டும் வாங்கியிருந்தால் அப்படி இல்லை என்று மறு ஆண்டே வேறொரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே அந்தக் கலர் நோட்டீசைக் கிழித்துப் போடாதீர்கள். ரோடு தருகிறேன் என்று சொன்னதற்கு அதுதான் சாட்சி.

இனி மூன்றாவது பூட்டு. இதுதான் நம் பேட்டைக்கு உயிர்நாடி. "நீ வியாபாரி, நுகர்வோர் அல்ல." இங்கே தையல் மெஷின் வைத்திருப்பவர் எத்தனை பேர்? ஆட்டோ ஓட்டுபவர்? முறுக்குப் பிழிபவர்? உங்கள் அத்தனை பேரையும் சட்டத்துக்கு வெளியே தள்ளும் வாதம் இது. ஆனால் சட்டமே விளக்கம் சொல்கிறது: சுய தொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்கு மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்துக்கானது ஆகாது. 1995இல் லட்சுமி எஞ்சினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்கினவர் நுகர்வோர்தான். உதவிக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. வேடிக்கை என்னவென்றால், அந்த வழக்கில் எதிர்த்தரப்பும் கோவை நிறுவனம்தான். வழக்குப் போட்ட நிறுவனம் தோற்றது, ஏனென்றால் அது மெஷின் வாங்கியது உண்மையிலேயே வணிக நோக்கத்துக்காக. அதன் தோல்வியில் நம் ஆட்டோக்காரருக்கும் இட்லிக்கார அக்காவுக்கும் வழி பிறந்தது. பத்து ஆள் வைத்து மெஷின் ஓட்டும் முதலாளி, தானும் நுகர்வோர் என்று சொல்லிக்கொண்டு வந்தால் நம் சங்கத்து மனுவில் இடமில்லை.

சரி, செலவு? நீங்கள் கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை கட்டணமே கிடையாது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நம் சகோதரி மூன்று மாதம்தான் வீணடித்தார். இரண்டு ஆண்டைத் தாண்டிவிட்டு என்னிடம் வருகிறவர்களை என்ன சொல்ல? தீர்ப்பு நமக்கு வந்து, அவர்கள் அப்பீல் போனால், கொடுக்க வேண்டிய தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். உத்தரவை மதிக்காதவருக்குச் சிறைத் தண்டனையும் உண்டு.

எல்லாம் இனிப்பாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து மூன்று மாதத்தில், பொருளைச் சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முடிகிறதா? ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. ஏட்டில் உரிமையைக் கொடுத்துவிட்டு, தீர்ப்புச் சொல்லும் நாற்காலிகளை மாதக்கணக்கில் காலியாக வைத்திருக்கும் அரசாங்கங்களை, எந்தக் கட்சி ஆனாலும், நாம் கேட்காமல் விடக்கூடாது. இந்தச் சட்டமும் யாரோ இரங்கிப் போட்ட பிச்சையன்று. சட்டம் வருவதற்கு இருபது ஆண்டு முன்பே, 1966இல், இதே பம்பாயில் ஒன்பது பெண்கள் சேர்ந்து நுகர்வோர் சங்கம் தொடங்கினார்கள். ஒன்பதே பேர். இந்த ஹாலில் எத்தனை பேர் இருக்கிறோம்?

நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். கடைக்காரன் "பக்கா பில்லா, கச்சா பில்லா? பக்கா என்றால் வரி சேரும்" என்கிறான். நாமும் நூறு இருநூறு மிச்சம் என்று துண்டுச் சீட்டை வாங்கிப் பாக்கெட்டில் போடுகிறோம். சட்டையோடு அது துவைபட்டுப் போகிறது. அப்புறம் சங்கத்துக்கு வந்து, "வழக்குப் போடுங்க அண்ணே" என்றால் எதைக் கொண்டு போடுவது? பில் தர மறுப்பதும் இந்தச் சட்டப்படி நேர்மையற்ற வணிக முறைதான். கேட்டு வாங்குங்கள். உடைந்த பொருளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், சோதனைச்சாலைக்கு அனுப்பச் சொன்னால் அது வேண்டும். வழக்குக்கு முன்னால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைத் தமிழிலேயே கூப்பிட்டுச் சொல்லலாம். சில கம்பெனிகள் அதிலேயே இறங்கி வந்துவிடுகின்றன.

கோவைக் கடைக்காரர் இறங்கி வரவில்லை. நம் சகோதரி பக்கா பில் வைத்திருந்தார், லாரி ரசீதும் வைத்திருந்தார், விரிசல் விட்ட குழவியைச் சாக்கில் கட்டிப் பரண் மேல் வைத்திருக்கிறார். மனுவை இங்கேயே போட்டுவிட்டோம். அடுத்த மாதம் முதல் விசாரணை. அவருக்கு மராத்தி கொஞ்சம் வரும், ஆங்கிலம் வராது, கோர்ட் என்றால் கை நடுங்குகிறது என்கிறார். அன்றைக்கு ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு அவர் கூட வர நான்கு பேர் வேண்டும். யார் யார் வருகிறீர்கள், கையைத் தூக்குங்கள்.